குடல் புண் என்ற ஒரே சொல்

நம் ஊர் எரியோட்டில் நெஞ்சு எரிந்தாலும் குடல் புண்தான், பசி தள்ளிப்போய் வயிறு வலித்தாலும் குடல் புண்தான். மணத்தக்காளிக் கீரையிலும் மோரிலும் பலருக்கு அது ஆறியும் விடுகிறது. ஆனால் மாதக்கணக்கில் சளியும் ரத்தமுமாக வயிற்றால் போகிறவருக்கும் அதே பெயரைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவருக்கு இருப்பது குடல் அழற்சி நோயாக இருக்கலாம். இதில் இரண்டு வகை உண்டு. அல்சரேட்டிவ் கொலைடிஸ் பெருங்குடலின் உட்சவ்வைப் பற்றும். குரோன்ஸ் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரும். இரண்டிலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைப் புண்ணாக்குகிறது. இதைப் பற்றி ஊரில் உலவும் நம்பிக்கைகளில் பல பாதி மெய். அந்தப் பாதியை நம்பித்தான் ஆட்கள் காலம் கடத்துகிறார்கள்.

நம்பிக்கை: ரத்தம் போனால் மூலம், உடம்புச் சூடு.

உண்மை: மூலத்தில் ரத்தம் பெரும்பாலும் மலம் கழியும்போது சொட்டாக, தனியாக விழும். சளியும் ரத்தமும் கலந்து பேதியாவது, நடுராத்திரி தூக்கத்தைக் கலைத்து ஓட வைப்பது, எடை இறங்குவது எதுவும் மூலத்தின் வேலை அல்ல. இப்படி நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் கொலனோஸ்கோபிக் குழாய் விட்டுச் சதைத்துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். குடல் அழற்சி வெள்ளைக்காரர் நோய் என்று மருத்துவர்களே நினைத்த காலம் உண்டு. ஆனால் பஞ்சாபில் 51,910 பேரிடம் கணக்கெடுத்த லூதியானா மருத்துவர்கள், லட்சம் பேரில் சுமார் 44 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ் இருப்பதாக 2003இல் எழுதினார்கள்.

நம்பிக்கை: குடலில் புண் என்றால் டிபிதான். டிபி மாத்திரையே போதும்.

உண்மை: நம் நாட்டில் இந்தச் சந்தேகம் நியாயமானது. குடல் டிபியும் குரோன்ஸும் கொலனோஸ்கோபியில் அச்சு அசல் ஒன்றுபோலத் தெரியும்; தேர்ந்த கண்ணும் தடுமாறும். டிபியாக இருந்தால் குணமாகும். ரிஃபாம்பிசின் சேர்ந்த ஆறு மாத மருந்து, பழைய பன்னிரண்டு மாத மருந்துக்குச் சளைத்ததல்ல என்று சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு 1997இல் காட்டியது. இரண்டு மூன்று மாதம் மருந்து எடுத்தும் புண் ஆறவில்லை என்றால் குரோன்ஸா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. குரோன்ஸுக்கு 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்ஃப்ளிக்சிமாப் ஊசி, உறங்கிக் கிடக்கும் டிபியைத் தட்டி எழுப்பிவிடக்கூடும். அந்த ஊசி போட்டவர்களில் 70 பேருக்கு டிபி வந்தது 2001இல் பதிவானது. ஊசிக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் டிபி பரிசோதனையும் எழுதிக் கொடுத்தால் வீண் செலவு என்று தள்ளாதீர்கள்.

நம்பிக்கை: மஞ்சள் போட்ட பால் குடித்தால் ஆறிவிடும்.

உண்மை: மஞ்சளிலுள்ள குர்குமினை ஆய்வாளர்கள் மதித்துத்தான் சோதித்தார்கள். வழக்கமாகத் தரும் மெசலமைன் மாத்திரை மட்டும் போதாமல் இருந்த 50 கொலைடிஸ் நோயாளிகளிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், அந்த மாத்திரையோடு தினம் 3 கிராம் குர்குமின் சேர்த்த 26 பேரில் 14 பேருக்கு நோய் அடங்கியது. வெற்று மாத்திரை சேர்த்தவர்களில் ஒருவருக்கும் அடங்கவில்லை. ஆனால் டெல்லி எய்ம்ஸில் தினம் 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது பலன் இல்லை. மஞ்சள் தூளில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே குர்குமின். 3 கிராம் வேண்டுமென்றால் தினம் 100 கிராம் தூள் தின்ன வேண்டும். அரை ஸ்பூன் போட்ட பால் மருந்தாகாது.

நம்பிக்கை: ஸ்டீராய்டு விஷம்; தொடவே கூடாது.

உண்மை: 1955இல் ட்ரூலவ், விட்ஸ் என்ற மருத்துவர்கள் 210 கொலைடிஸ் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், ஆறு வாரம் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு எடுத்தவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கு நோய் அடங்கியது, எடுக்காதவர்களில் 16 பேருக்கே. நோய் முற்றியபோது உயிரைக் காக்கும் மருந்து இது. ஆனால் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மாதாமாதம் வாங்கிப் போட்டால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், கிருமி புகும். சட்டென நிறுத்துவதும் ஆபத்து. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஸ்டீராய்டுக்கு அடுத்துத் தரப்படும் அசதயோப்ரின் மாத்திரை சிலருக்கு வெள்ளையணுக்களைச் சரித்துவிடும். அதற்கு வழிசெய்யும் மரபணு மாற்றம் ஆசியர்களிடம் கூடுதல். அதனால் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

நம்பிக்கை: ஒரு பீடி இழுத்தால் குடலுக்கு நல்லது.

உண்மை: புகையிலைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்ட வேடசந்தூர் நமக்குப் பக்கத்து ஊர். அதனால் இதைச் சொல்லியாக வேண்டும். புகைப்பவர்களுக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ் குறைவாக வருகிறது என்பது மெய். குரோன்ஸிலோ புகை நோயை முற்ற வைத்து அறுவை சிகிச்சை வரை இழுத்துப் போகும். நுரையீரலையும் இதயத்தையும் பலி கொடுத்துக் குடலைக் காக்க எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார்.

நம்பிக்கை: ரத்தம் நின்றால் மருந்தையும் நிறுத்தலாம். கர்ப்பம் என்றால் உடனே நிறுத்த வேண்டும்.

உண்மை: அடங்கிய நோயை அடக்கி வைத்திருப்பதே அந்த மருந்துதான். விட்டால் திரும்பும். பெருங்குடலில் ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடித்தால் புற்றுநோய் அபாயமும் கூடும். அதனால் எட்டு ஆண்டு ஆனபின் குறித்த இடைவெளியில் கொலனோஸ்கோபி வேண்டும். கர்ப்பத்தில் குழந்தைக்குக் கெடுதல் செய்வது பெரும்பாலும் அடங்காத நோய்தான். மெசலமைனை வழக்கமாகத் தொடரலாம். சிலருக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மருந்தைக் கருத்தரிக்க நினைக்கும்போதே, முன்கூட்டி நிறுத்த வேண்டும். எதை விடுவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

மில்லில் ஷிப்டு நடுவே நாலு தடவை எழுந்து ஓடும் பெண், வெட்கத்தால் யாரிடமும் சொல்வதில்லை. கேட்டால் குடல் புண் என்று முடித்துக்கொள்வாள். அவளிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை வாரமாக? ரத்தம் வருகிறதா? ராத்திரியும் எழுப்புகிறதா? பதில் சரியில்லை என்றால் திண்டுக்கல் அரசு மருத்துவமனைக்குத் தனியே போகச் சொல்லாமல் நீங்களும் கூடப் போங்கள்.