இணையதளத்தில் சரக்கு விவரம் எழுதும் முறை

நாகலூர் மிளகு, காப்பிக்கொட்டையை இணையதளத்தில் விற்க முற்படும் வணிகப் பெருமக்கள் முதலில் சரக்கு விவரத்தைத் தாளில் எழுதிச் சரிபார்க்க வேண்டும். தூரத்து வாடிக்கையாளர் சரக்கை முகர்ந்து பார்க்க முடியாது; நம் எழுத்தை நம்பியே பணம் கட்டுகிறார். வெளியூர் மிளகை நாகலூர் மிளகு என்று எழுதக் கூடாது.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி வரி, அனுப்பும் செலவு உட்பட மொத்த விலை, காலாவதித் தேதி, உற்பத்தி நாடு, சரக்கைத் திரும்பப் பெறும் நிபந்தனை, குறைதீர்ப்பவர் பெயர் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். புகாரை 48 மணி நேரத்தில் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

கடைப்பலகையில் பழைய விலை இருந்தால் நேரில் விளக்கலாம். இணையதளத்தில் இருந்தால் அந்த விலைக்கே கொடுத்தால்தான் பெயர் நிற்கும். ஆகவே தினமும் காலையில் விலையையும் இருப்பையும் திருத்த ஒருவரை நியமியுங்கள். சரக்கு தீர்ந்தால் உடனே "இருப்பு இல்லை" என்று போடுங்கள்.