புது ரேடியேட்டர் போட்டாச்சு. உள்ளே இருந்த காத்து போச்சா?



ஆகஸ்ட் 15ஆம் திகதி மடு மாதா திருவிழா. மாசியில் திருக்கேதீஸ்வரத்துச் சிவராத்திரி. இரண்டுக்கும் நம் தோட்டங்களிலிருந்து வான் பிடித்துப் போகிறவர்கள் உண்டு. 1977க்கும் 1983க்கும் பிறகு வன்னிக்குப் போய்க் குடியேறிய சொந்தக்காரர்களைப் பார்க்கவும் பலர் அந்தப் பக்கம் போய் வருகிறார்கள். மலையிலிருந்து இறங்கி, மதவாச்சி வந்து, செட்டிக்குளம், முருங்கன், உயிலங்குளம் என்று போகும் நீண்ட வெயில் பாதை அது. வாகனத்தின் ரேடியேட்டருக்கு அதுதான் பெரிய சோதனை.

உயிலங்குளத்துக்கு வடக்கே, கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவே அடம்பன் இருக்கிறது. அது கடல் மட்டத்துக்குச் சற்றே உயரமான தரை. அங்கே சேற்று வயலில் உழவு இயந்திரம் சூடேறும். இங்கே ஏற்றத்தில் கொழுந்து லொறி சூடேறும். பழைய ரேடியேட்டர் ஓட்டையாகிப் புதிது போட்டால் இரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. புதிது பூட்டியதும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். "தண்ணி வாய் மட்டும் நிக்குது அண்ணே, வண்டிய எடுங்க" என்கிறார்கள். வாய் மட்டும் தண்ணீர் நின்றால் உள்ளே நிறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றினால்தான் வேலை முடியும். இந்த இதழின் பாடம் அதுதான்.

தண்ணீர் சுற்றும் வழி

என்ஜினுக்குள் எரிபொருள் எரிகிறது. அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்களில் ஓடும்போது காற்றாடி அதை ஆற்றுகிறது. ஆறிய தண்ணீரை வோட்டர் பம்ப் கீழ் ஹோஸ் வழியாக மறுபடியும் என்ஜினுக்குள் தள்ளுகிறது. நடுவில் தேர்மோஸ்டாட் என்று ஒரு சிறு கதவு உண்டு. என்ஜின் குளிராக இருக்கும்வரை அது மூடியே இருக்கும். பெரும்பாலான வாகனங்களில் 82 முதல் 88 பாகை செல்சியஸ் சூட்டில் அது திறக்கத் தொடங்கும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. குளிர்ந்த என்ஜினில் நாம் தண்ணீர் ஊற்றும்போது அந்தக் கதவு மூடியிருக்கிறது. ரேடியேட்டர் நிறைந்துவிடும், கதவுக்கு அந்தப் பக்கம் காற்று அடைபட்டு நிற்கும். இதைத்தான் கராஜில் "எயார் லொக்" என்கிறார்கள்.

காற்று நின்றால் என்ன கெடுதி?

"அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்பது நம் பழமொழி. காற்றுக் குமிழியும் அப்படித்தான். ஒவ்வொன்றாக இருந்தால் ஒன்றுமில்லை. ஓரிடத்தில் திரண்டால் என்ஜினையே மடக்கிவிடும்.

காற்று திரண்ட இடத்துக்குத் தண்ணீர் போகாது. அந்த இடத்து இரும்பு தனியாகக் காயும். பம்புக்குள் காற்று புகுந்தால் பம்ப் சுற்றுமே தவிர, தண்ணீரைத் தள்ளாது. இவை இரண்டையும்விட மோசமானது வேறொன்று. சூடு காட்டும் முள்ளுக்குத் தகவல் கொடுக்கும் கருவி தண்ணீரில் முங்கி இருக்க வேண்டியது. அதைச் சுற்றிக் காற்று நின்றால் முள் பொய் சொல்லும். என்ஜின் கொதிக்கும், முள் நடுவிலேயே நிற்கும். "மீட்டர் நல்லாத்தான காட்டிச்சு" என்று டிரைவர் சொல்வார். அதற்குள் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், அல்லது ஹெட்டே வளைந்திருக்கும். ரேடியேட்டருக்குக் கொடுத்த பணத்தைப் போல இன்னும் எத்தனையோ மடங்கு செலவு வரும். கடன் வாங்கி வான் ஓட்டும் குடும்பத்துக்கு அது தாங்கக்கூடிய அடியா?

முதலில் ஓர் எச்சரிக்கை

சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள். அது பிரஷர் குக்கர் மாதிரி வேலை செய்கிறது. மூடியின் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே எவ்வளவு அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் என்பதற்கான எண் அது. சமதரையில் திறந்த பானையில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். 0.9 மூடியின் அழுத்தத்தில் 118 பாகை அளவுக்குப் போனால்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும். அத்தனை சூட்டில் இருந்த தண்ணீர் சட்டென்று ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

மலையில் இருப்பவர்களுக்கு இந்த மூடி இன்னும் முக்கியம். உயரம் கூடக்கூடத் தண்ணீர் சீக்கிரமாகக் கொதிக்கும். நுவரெலியா உயரத்தில் திறந்த பானைத் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஆகவே ரப்பர் வெடித்த பழைய மூடியைப் புது ரேடியேட்டரில் போடாதீர்கள். உங்கள் வாகனத்துக்கு உரிய எண் உள்ள மூடியையே வாங்குங்கள்.

எதை ஊற்றுவது?

மன்னார்ப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் அதிகம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். "நம்ம ஊத்துத் தண்ணி சுத்தம்தானே?" என்று கேட்பீர்கள். அதில் சுண்ணாம்பு குறைவுதான். ஆனால் வெறும் தண்ணீர் எதுவானாலும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

சரியானது கூலன்ட். நம் நாட்டில் அது பனிக்காக மட்டுமல்ல. துருவைத் தடுக்கும், கொதிக்கும் சூட்டையும் உயர்த்தும். பாதிக்குப் பாதி கலந்தால், மூடியில்லாமலே 106 பாகை அளவுக்குப் போய்த்தான் கொதிக்கும். கலக்குவதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர், அதாவது பற்றரிக்கு ஊற்றும் வெறும் தண்ணீர் நல்லது. பற்றரி அமிலத்தை அல்ல. கலந்தே விற்கும் கூலன்ட் என்றால் மேலும் தண்ணீர் சேர்க்க வேண்டாம். நிறத்தைப் பார்த்து இனம் பிரிக்க முடியாது. பச்சையோடு பச்சை சேரும் என்று நம்பி இரண்டு வகையைக் கலக்காதீர்கள். வாகனக் கையேட்டில் சொன்ன வகையையே வாங்குங்கள்.

நிரப்பும் முறை

1. என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். வாகனத்தின் முன்பக்கம் சற்று உயரமாக இருக்கும்படி நிறுத்துங்கள். காற்று மேலேதான் ஏறும். ஊற்றும் வாய்தான் எல்லாவற்றிலும் உயரத்தில் இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, சில்லுகளுக்குக் கல் முண்டு கொடுங்கள்.

2. அடியிலுள்ள வடிகுழாய் மூடியிருக்கிறதா, ஹோஸ் கிளிப்புகள் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். கையால் அமுக்கும்போது வெடிப்புத் தெரியும் ஹோஸை இப்போதே மாற்றுங்கள்.

3. வாகனத்தில் ஹீட்டர் இருந்தால் அதைச் சூடு பக்கம் முழுக்கத் திருப்பி வையுங்கள். ஹீட்டர் குழாயிலும் காற்று ஒளிந்திருக்கும். சீட்டுக்கு அடியில் என்ஜின் உள்ள வான்களில் குழாய்கள் நீளம். அவற்றில் கூடுதல் கவனம் வேண்டும்.

4. சில வாகனங்களில் காற்றுப் போக்க ஒரு சிறு திருகாணி இருக்கும். அதைத் தளர்த்தி வையுங்கள். குமிழி இல்லாமல் தண்ணீர் மட்டும் வந்ததும் இறுக்குங்கள்.

5. மெல்லிய தாரையாக, பொறுமையாக ஊற்றுங்கள். வாளியோடு கவிழ்த்தால் காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். இடையிடையே மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். "களக், களக்" என்று குமிழி வரும், மட்டம் இறங்கும், மீண்டும் ஊற்றுங்கள்.

6. வாய் மட்டும் நிறைந்ததும், மூடியைப் போடாமல் என்ஜினை ஸ்டார்ட் செய்து மெதுவாக ஓட விடுங்கள். முகத்தை மேலே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள். கை, தாவணி, சேலைத் தலைப்பு எதுவும் காற்றாடியின் பக்கம் போகக் கூடாது. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

7. கொஞ்ச நேரத்தில் தேர்மோஸ்டாட் திறக்கும். மேல் ஹோஸ் சூடாகும், மட்டம் திடீரென்று இறங்கும், குமிழிகள் வரும். இதற்காகத்தான் காத்திருந்தோம். இறங்கிய அளவுக்கு மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீர் பொங்கி வழியத் தொடங்கினால் விலகி நின்று என்ஜினை நிறுத்துங்கள்.

8. குமிழி நின்றதும் மூடியைப் பூட்டுங்கள். பக்கத்துப் போத்தலில் குறித்திருக்கும் கோடு மட்டும் நிரப்புங்கள். மின்சாரக் காற்றாடி என்றால் அது ஒரு முறை ஓடி நிற்கும்வரை என்ஜினை ஓட விடுங்கள்.

9. நிறுத்தி, முழுவதும் ஆற விடுங்கள். ஆறும்போது தண்ணீர் சுருங்கிப் போத்தலிலிருந்து இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் குளிர்ந்த என்ஜினில் இரண்டு மட்டத்தையும் பாருங்கள். இந்த ஒரு பார்வையைத் தவறவிடாதீர்கள்.

ரேடியேட்டரில் நேரடி மூடி இல்லாமல் போத்தலிலேயே அழுத்த மூடி உள்ள வாகனங்களுக்கு முறை சற்று மாறும். கையேட்டில் சொன்னபடி செய்யுங்கள். பெரும்பாலான ஓட்டோக்களுக்கு ரேடியேட்டர் கிடையாது. அவை காற்றால் ஆறுபவை.

நிறுவைக் கணக்கு

கொழுந்து நிறுக்கும்போது எத்தனை கிலோ என்று நாம் கவனமாகப் பார்க்கிறோம் அல்லவா? இங்கேயும் ஒரு நிறுவை உண்டு. பழைய தண்ணீரைக் கழற்றும்போது ஒரு வாளியில் பிடித்து அளந்து வையுங்கள். உதாரணமாக 6 லீற்றர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். திரும்ப ஊற்றும்போது 4½ லீற்றரில் வாய் நிறைந்துவிட்டதா? மீதி ஒன்றரை லீற்றர் இடத்தில் காற்று இருக்கிறது என்று அர்த்தம். கணக்குச் சரியாக வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள். ஏற்கெனவே தண்ணீர் ஒழுகிக் குறைந்திருந்தாலோ, புது ரேடியேட்டர் அளவில் மாறினாலோ கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். என்ஜினுக்குள் கொஞ்சம் பழைய தண்ணீர் தங்கியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வழியில் சூடேறினால்

அடம்பனில் ரேடியேட்டர் மாற்றிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மதவாச்சி வரை சமதரை. உள்ளே காற்று இருந்தாலும் வெளியே தெரியாது. கண்டி தாண்டி றம்பொடை ஏற்றத்தில்தான் அது தன் வேலையைக் காட்டும். அதனால் பூட்டிய ஊரிலேயே ஒரு சிறு ஓட்டம் ஓடி, ஆற விட்டு, மட்டம் பார்த்த பிறகு கிளம்புங்கள். டிரைவர் அவசரப்பட்டால், "அண்ணே, ஒரு மணித்தியாலம் பொறுத்தே போவோம்" என்று சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

முள் ஏறி ஏறி இறங்குவதும், என்ஜின் சூடாக இருக்கும்போது ஹீட்டரில் குளிர் காற்று வருவதும், டாஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் உருளும் சத்தம் கேட்பதும் காற்று இருப்பதன் அடையாளங்கள். அப்படி ஏதும் கண்டால் ஓரமாக நிறுத்துங்கள். ஆட்களை இறக்குங்கள். என்ஜின் ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் என்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை அடிக்காதீர்கள், இரும்பு வெடித்துவிடும்.

யாருக்காவது சுடுநீர் பட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் அந்த இடத்தைப் பிடியுங்கள். பற்பசை, மஞ்சள், எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை

கூலன்ட் பெரும்பாலும் எதிலீன் கிளைக்கோல் என்னும் விஷத்தால் ஆனது. அது இனிக்கும், நிறமும் சர்பத் போல இருக்கும். மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி லயத்துக் காம்பராவில் வைத்தால் பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுக்கும், உயிரையும் வாங்கும். வாங்கிய கலனிலேயே, உயரத்தில், பூட்டி வையுங்கள். கழற்றிய பழைய தண்ணீரைக் கானிலோ பீலியின் பக்கமோ ஊற்றாதீர்கள். நாயும் மாடும் குடிக்கும். மூடியுள்ள கலனில் பிடித்துக் கராஜில் ஒப்படையுங்கள். யாராவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே அந்தக் கலனையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நோய்க்குறி தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

படித்ததைச் சரிபாருங்கள்

வாகனம் ஓட்டப் பழகும் பிள்ளைகள் இந்தக் கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகட்டும்.

1. வாய் மட்டும் தண்ணீர் நின்றும் உள்ளே நிறையாமல் இருப்பது ஏன்?
2. சூடு காட்டும் முள் எப்போது பொய் சொல்லும்?
3. முன்பக்கத்தை ஏன் உயர்த்தி நிறுத்த வேண்டும்?
4. 6 லீற்றர் கழற்றி 5 லீற்றர்தான் ஊற்ற முடிந்தது. வண்டியை எடுக்கலாமா?
5. மறுநாள் காலையில் பார்க்க வேண்டிய இரண்டு மட்டங்கள் எவை?

ஐந்துக்கும் பதில் தெரிந்த பிள்ளையை அடுத்த பயணத்தில் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார வையுங்கள். வானில் இருக்கும் எல்லோருக்கும் அது நல்லது.