பேரை வெட்டுமுன் யோசிக்க வேண்டியவை



“உடம்புக்கு முடியல, பேரை வெட்டிட்டு காசை எடுத்துக்கிறேன்” என்று நம்மில் பலர் ஆபீசுக்குப் போகிறோம். அது நம்ம காசுதான். ஆனால் எந்த வயதில், என்ன காரணம் எழுதி விலகுகிறோம் என்பதைப் பொறுத்து சில பணம் உடனே வரும், சில பணம் வருடக்கணக்கில் தள்ளிப்போகும், சில உதவி இல்லாமலே போய்விடும். நமக்கு வர வேண்டியதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ஈ.பீ.எப். (ஊழியர் சேமலாப நிதி)
நம் சம்பளத்தில் 8 சதவீதம், தோட்டம் போடுவது 12 சதவீதம். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது நிறைந்து வேலையை விட்டால் எடுக்கலாம். 48 வயது ஆண் ஒருவர் “சொந்தக் காரணம்” என்று எழுதிக் கொடுத்து நின்றுவிட்டால், இந்தப் பணத்துக்கு 55 வரை காத்திருக்க நேரும். அதே ஆள், நிரந்தரமாக வேலை செய்ய முடியாத நிலையில் விலகினார் என்று வைத்தியச் சான்றிதழ் காட்டினால், அந்த வயது வரும்வரை நிற்க வேண்டியதில்லை. ஆகவே சுகமில்லாதவர்கள் முதலில் டாக்டரிடம் போங்கள், கடிதம் பிறகு எழுதலாம்.

2. ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி)
தோட்டம் மட்டும் 3 சதவீதம் கட்டுகிறது. நம் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வேலையை விட்டால் வயது பார்க்காமல் எடுக்கலாம். ஆனால் இருதய சத்திரசிகிச்சை, கண்வில்லை பொருத்துதல் போன்றவற்றுக்கு இந்த நிதி தரும் உதவி, வேலையில் இருக்கும் அங்கத்தவர்களுக்கு உரியது. ஒப்பரேசனுக்கு நாள் குறித்திருக்கும்போது பேரை வெட்டாதீர்கள். முதலில் உதவிக்கு விண்ணப்பியுங்கள்.

3. சேவைக்காலப் பணம்
1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 வருடம் வேலை செய்தவருக்கு உரியது. நாள் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. 28 வருடம் என்றால் 14 × 28 = 392 நாள். நாள் சம்பளம் 1,000 ரூபா என்று வைத்தால் 392,000 ரூபா. விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் மேலதிகத் தொகையும் சேரும். நாமாக விலகினாலும் இது உண்டு.

“ஈ.பீ.எப். எடுத்தா சேவைக்காலப் பணம் குறையும்” என்று சிலர் சொல்லுவாங்க. அது சரியில்லை. ஒன்றை எடுப்பதால் மற்றது குறையாது.

வயதைப் பற்றியும் ஒரு சொல். தனியார் துறையில் ஓய்வு பெறும் வயதை உயர்த்தும் சட்டம் 2021இல் வந்தது. “55 ஆச்சு, நில்லு” என்றால் உடனே கையெழுத்துப் போடாமல் தொழில் அலுவலகத்தில் கேளுங்கள்.

இன்றைக்கே பார்க்க வேண்டியது: அடையாள அட்டை, செக்ரோல், ஈ.பீ.எப். “பி” அட்டை மூன்றிலும் பேர் ஒன்றாக இருக்கிறதா? ஓரிடத்தில் “ராமாயி”, மற்றொரு இடத்தில் “இராமாயி அம்மாள்” என்றிருந்தால் இப்போதே திருத்துங்கள். எழுத்து ஒன்று பிசகினால் பணம் மாதக்கணக்கில் நிற்கும்.

கேள்வி: ஒருவர் 17 வருடம் நாள் சம்பளத்துக்கு வேலை செய்து விலகினால், அவருக்கு எத்தனை நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாக வரும்? வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.