மார்பக ஸ்கேனுக்குப் பின், முடிவு வரும்வரை

"சந்தேகமாக இருக்கிறது, பயாப்சி எடுத்துப் பார்க்கணும்" என்று டாக்டர் சொன்ன நிமிடத்திலிருந்து தூக்கம் போய்விடும். பெர்மாஸ் ஜெயா சகோதரிகளே, அந்த நாட்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. ஸ்கேன் ரிப்போர்ட்டில் சந்தேகத்தின் அளவைக் காட்டும் 'பை-ராட்ஸ்' (BI-RADS) எண்ணைத் தேடுங்கள். 3 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 சதவிகிதத்துக்கு மேல் இல்லை. 4 என்றால் 2 முதல் 95 வரை. அதனால்தான் 4ஏ, 4பி, 4சி என்று பிரிக்கிறார்கள். 4ஏ-யில் 10-ஐத் தாண்டாது. எழுத்து போடவில்லையா, கேளுங்கள். 5 என்றால் 95-க்கும் மேல், ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

2. ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், ரத்தக்கசிவு கூடலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

3. பயாப்சி அன்று முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போடுங்கள்; கையைத் தூக்கிக் கழற்ற வலிக்கும். சிங்கப்பூரில் வேலையென்றால் மறுநாளும் லீவு எடுங்கள். கன்றிப்போன மார்போடு காஸ்வே நெரிசலில் இடிபட வேண்டாம்.

4. முடிவு என்றைக்கு, யார் சொல்வார், போனிலா நேரிலா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தேதி தாண்டினால் நீங்களே கூப்பிடுங்கள். தகவல் வராததை நல்ல சேதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

5. கட்டியை அடிக்கடி அமுக்கிப் பார்க்காதீர்கள். வலிதான் மிஞ்சும்.

6. முடிவு வாங்க அக்காவையோ மகளையோ கூட்டிப் போங்கள்; பதற்றத்தில் பாதி காதில் விழாது.

7. மனம் தாங்கவில்லையா? மலேசியத் தேசியப் புற்றுநோய்ச் சங்கத்தை 1-800-88-1000-இல் அழையுங்கள்.