ஆங்கிலேயர் ஆட்சிக்கால வாக்குச் சாவடிகள்

அகநானூற்றின் 77-ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் ஓர் அரிய உவமை கூறுகின்றார். கயிற்றாற் கட்டப்பெற்ற குடத்தினுள் இருக்கும் ஓலைகளை எடுக்கவேண்டிய அலுவலர், முதற்கண் அதன்மேலிட்ட இலச்சினையை நோக்கி, அஃது உள்ளவாறே உளது எனத் தெளிந்த பின்னரே அதனை நீக்குவர் என்பது அவ்வுவமையின் கருத்து. பராந்தக சோழன் காலத்தனவாகிய உத்திரமேரூர்க் கல்வெட்டுக்களும் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. அது குலுக்கி எடுக்கும் முறையேயன்றி, இக்காலத் தேர்தல் அன்று. ஆயினும், பொதுக்காரியத்திற் பயன்படும் கலம் ஐயத்திற்கு இடந்தராதவாறு காக்கப்படவேண்டும் என்னும் உணர்ச்சி நம் முன்னோர்க்குப் புதிதன்று என்பது இவற்றால் விளங்கும். அவ்வுணர்ச்சி ஆங்கிலேயர் ஆட்சியில் நடந்த தேர்தல்களில் எங்ஙனம் இயங்கிற்று, எவ்விடத்துத் தளர்ந்தது என்பதை ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு ஓர் ஊர் வேண்டும். வெள்ளாற்றை அடுத்த பெண்ணாடத்தை எடுத்துக்கொள்வோம். திருநாவுக்கரசர் தம் தோளில் சூலமும் இடபமும் ஆகிய இலச்சினை பெற்றதாகப் பெரிய புராணம் போற்றும் ஊர் இது. ஆங்கிலேயர் காலத்தில் இது தென்னார்க்காடு ஜில்லா, விருத்தாசலம் தாலுகாவைச் சேர்ந்திருந்தது. இவ்வூர்க் குடியானவர் ஒருவரை மனத்தில் நிறுத்தி, அவர் சாவடிக்குச் செல்லும் வழியிலே நாமும் உடன்செல்வோமாக.

அவர் எதிர்ப்படும் முதல் வாயில் சாவடியின் வாயிலன்று, வாக்காளர் பட்டியலே. 1919-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டத்தின்படி சென்னை இராஜதானியில் முதல் தேர்தல் 1920 நவம்பரில் நடந்தது. நாட்டுப்புறத்தில் ஆண்டுக்குப் பத்து ரூபாய்க்குக் குறையாத மதிப்புடைய நிலத்திற்குப் பட்டாதாரராயிருத்தல் வாக்குரிமைக்குரிய தகுதிகளுள் ஒன்று. நான்கு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த இராஜதானியில் வாக்குரிமை பெற்றோர் ஏறக்குறையப் பன்னிரண்டு லட்சம் பேரே. காங்கிரஸ் அத்தேர்தலை விலக்கியதும் சேர, வாக்களித்தோர் அவருள்ளும் ஏறத்தாழக் கால்பங்கினரே. நீதிக்கட்சி வெற்றி பெற, தென்னார்க்காட்டைச் சேர்ந்த அ. சுப்பராயலு ரெட்டியார் முதன்முதல் முதலமைச்சரானார். பெண்களுக்கு வாக்குரிமை வழங்கச் சென்னைச் சட்டசபை 1921-இல் தீர்மானித்தது. ஆயினும் பட்டா ஆடவர் பெயரிலேயே பெரும்பாலும் இருந்தமையால், அவ்வாயில் திறந்தும் திறவாததாகவே நின்றது. பிறர் நிலத்தில் உழைத்த கூலியாட்களுக்கோ அது திறக்கப்படவே இல்லை.

இரண்டாவது வாயில் எவ்வகுப்புப் பட்டியலிற் பெயர் உளது என்பது. 1920-இன் சட்டசபையிலே தேர்ந்தெடுக்கப்பட்ட 98 இடங்களுள் 65 பொது இடங்கள். 13 முகமதியர்க்கும், 5 இந்தியக் கிறிஸ்தவர்க்கும் தனித்தொகுதிகளாக அமைந்தன. எஞ்சியவை ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர், நிலச்சுவான்தார், வணிகர், பல்கலைக்கழகம் முதலியோர்க்குரியவை. எனவே ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே கிணற்று நீரால் பயிர்செய்த இருவர், வெவ்வேறு பட்டியலிற் பெயர் தேடி, வெவ்வேறு அபேட்சகர்க்கு வாக்களிக்க நேர்ந்தது. இராஜதானி முழுமைக்கும் ஐந்தே கிறிஸ்தவ உறுப்பினர் எனின், ஒவ்வொரு தொகுதியும் பல ஜில்லாக்களை அளாவிற்று என்பது சொல்லாமே அமையும். அத்தொகுதியின் அபேட்சகர் தம் வாக்காளரை நேரிற் காணுதல் எவ்வளவு அரிது! அண்டை வீட்டாரோ, காண எளியவராயினும், வாக்குக் கேட்கத் தகாதவராயினர்.

இதுபற்றி நம் சமயத்தாருள்ளேயே இருவகைக் கருத்து நிலவிற்று. ஏ. டி. பன்னீர்செல்வம் அவர்கள் சிறுபான்மையோர்க்குத் தனிப்பாதுகாப்பு வேண்டுமென்றார். வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் கே. டி. பால் அவர்களும், தோர்ணக்கல் அத்தியட்சர் அசரியா அவர்களும் தனித்தொகுதியை விரும்பவில்லை. முன்னவர் அஞ்சியது காரணமற்ற அச்சமன்று. ஒரு சிறு கூட்டம் பெருங்கூட்டத்தினுள் குரலற்றுப் போதல் உண்டு. ஆயினும், அயலான் வாக்கை நாடவேண்டாத நிலை, நாளடைவில் அயலானையே நாடவேண்டாத நிலையாக முடியுமன்றோ? இக்கட்டுரையாளனுக்குப் பின்னவர் கருத்தே ஏற்புடையதாகத் தோன்றுகின்றது. சுதந்தர இந்தியாவின் அரசியலமைப்புச் சபை தனித்தொகுதி முறையை ஒழித்தது.

நிற்க. இனிச் சாவடியினுள் புகுவோம். இரகசிய வாக்குமுறை ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1856-இலும், இங்கிலாந்தில் 1872-இன் சட்டத்தாலும் நிலைபெற்றது. நம் நாட்டுச் சாவடி ஒழுங்குகளுக்கு ஆங்கில நாட்டு முறையே தாயகம். தலைமை அதிகாரி வெறும் பெட்டியை வந்திருப்போர்க்குத் திறந்து காட்டிப் பின் பூட்டி முத்திரையிடுதல், அடிக்கட்டையில் வாக்காளரின் எண்ணைக் குறித்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தல், திரை மறைவில் குறியிடச் செய்தல், அபேட்சகரின் ஏஜெண்டுகள் ஆள்மாறாட்டத்தைத் தடுத்துக் கேட்க இடமளித்தல் என்பன அம்முறையின் உறுப்புக்கள். தம் பெயரில் முன்னரே வேறொருவர் வாக்களித்துச் சென்றிருந்தால், உண்மையான வாக்காளர் வெறுங்கையராய் மீளவேண்டுவதில்லை. அவர்க்குத் தனியொரு சீட்டளித்து, அதனைப் பெட்டியிலிடாது வேறாக வைப்பர்.

ஆங்கில நாட்டிற்குப் பொருந்திய இவ்வாடை நம் நாட்டிற்கு ஓரிடத்திற் பொருந்தவில்லை. எழுத்தறியாதவர் சீட்டில் எங்ஙனம் குறியிடுவார்? அங்கே அத்தகையோர்க்குத் தலைமை அதிகாரியே, ஏஜெண்டுகளின் முன்னிலையில், குறியிட்டுக் கொடுக்கலாம் என 1872-இன் சட்டம் விதித்தது. எழுத்தறியாதோர் சிலராகிய நாட்டில் இது விலக்காக அமையும். எழுத்தறிந்தோரே சிலராகிய நாட்டில் விலக்கே விதியாகிவிடும். நம் பெண்ணாடத்துக் குடியானவர் தம் விருப்பத்தை வாய்விட்டுச் சொல்லவேண்டுமாயின், அதனைக் கேட்போர் யாவர்? சர்க்கார் அதிகாரி ஒருவர். ஊர்ப் பெருந்தனக்காரரின் ஏஜெண்டு ஒருவர். மறுநாள் அவர்களிடத்தே விதைநெல்லுக்கும் கடனுக்கும் செல்லவேண்டியவர் இவரே. அவருக்குத் திரையிருந்தும் பயனில்லை.

இக்குறையை நீக்க எழுந்ததே நிறப்பெட்டி முறை. ஒவ்வோர் அபேட்சகருக்கும் ஒவ்வொரு நிறப் பெட்டி. வாக்காளர் திரைக்குப் பின் சென்று, எழுதாத சீட்டைத் தாம் விரும்பும் நிறத்தில் இட்டு மீள்வர். இலங்கையில் 1931-இல் வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை அளித்து நடத்திய தேர்தலிலும் நிறங்களே வழிகாட்டின. சென்னை இராஜதானியில் 1937-ஆம் ஆண்டுத் தேர்தலிலே காங்கிரஸுக்கு வாய்த்தது மஞ்சள் பெட்டி; 'மஞ்சள் பெட்டி' என்னும் சொல்லே ஊர்தோறும் பிரசாரமாயிற்று. சட்டசபையின் 215 இடங்களுள் 159 இடங்களைக் காங்கிரஸ் கைப்பற்றியது. மஞ்சள் தமிழர்க்கு மங்கலப் பொருளாதலின், நிறங்கூட நடுநிலை வகிப்பதன்று என்று நகைத்துரைப்பாரும் உண்டு. ஆயினும் வெற்றிக்குக் காரணம் நிறமன்று, நாட்டில் எழுந்த விடுதலை வேட்கையே என்பது எளிதில் உணரத்தகும்.

நிறப்பெட்டிக்கும் குறை உண்டு. திரைக்குப் பின் சென்றவர் சீட்டைப் பெட்டியிலிடாது மடியில் முடிந்துகொண்டு வெளிவந்து விற்றுவிடுதல் கூடும். வாங்கியவன் அத்தகைய பல சீட்டுக்களை ஒருவன் வாயிலாகத் தான் விரும்பும் பெட்டியிற் சேர்த்தலும் கூடும். மறைவு மிகின் களவுக்கு இடம். மறைவு குறையின் அச்சத்திற்கு இடம். சாவடியை ஆள்வோர் எக்காலத்தும் இவ்விரண்டிற்கும் நடுவே நின்றே கடமை ஆற்றவேண்டியவராகின்றனர்.

கருவியாற் காக்க இயலாதனவற்றைச் சட்டத்தாற் காக்க முயன்றனர். 1920-இன் 39-ஆம் சட்டம், இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தேர்தற் குற்றங்களைப் பற்றிய புதிய அதிகாரம் ஒன்றைச் சேர்த்தது. கைக்கூலி, ஆள்மாறாட்டம், தகாத வற்புறுத்தல் என்பன குற்றங்களாயின. இவற்றுள் நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்று: தெய்வக் கோபத்திற்கோ சமயக் கண்டனத்திற்கோ ஆளாவாய் என்று வாக்காளரை நம்பச் செய்தலும் தகாத வற்புறுத்தலே. கோயிலாயினும் மசூதியாயினும் தேவாலயமாயினும் விதி ஒன்றே. 2024-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவும் இவ்விதியைப் பேணிக்கொண்டது. மனச்சாட்சியைப் பற்றி ஓயாது பேசும் நாம், பிறர் மனச்சாட்சியின் வாயிலில் நின்று தட்டாமல் விலகி நிற்கவும் கற்கவேண்டும்.

1932-இல் லோதியன் பிரபுவைத் தலைவராகக் கொண்ட வாக்குரிமைக் குழு, வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை அப்பொழுது இயலாதென்றது. போதிய அதிகாரிகள் இல்லை, சாவடிகளை நடத்துதல் அரிது என்பன அதற்குக் காட்டிய காரணங்களுட் சில. இருபது ஆண்டு கழியுமுன், 1951–52-இல், சுகுமார் சென் அவர்கள் தலைமைத் தேர்தல் ஆணையராயிருந்து 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்க்குத் தேர்தல் நடத்தினார். ஒவ்வோர் அபேட்சகருக்கும் தனிப்பெட்டி என்னும் பழைய முறையே அன்றும் கைக்கொடுத்தது. நிறத்திற்கு ஈடாகச் சின்னம் வந்தது. ஆயினும் 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்றன்றித் தம் பெயர் கூறாத பெண்கள் ஏறத்தாழ 28 லட்சம் பேரின் பெயர்கள் பட்டியலினின்றும் நீக்கப்பெற்றன. முதல் வாயிலே கடினமான வாயில் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவ்வரலாற்றால் நாம் அறிவன யாவை? சாவடி என்பது ஒரு பெட்டியும் ஒரு திரையும் மட்டுமன்று. பட்டியலில் விடுபட்டவர்க்குத் திரையாற் பயனில்லை. அஞ்சி வாழ்பவர்க்குப் பெட்டியாற் பயனில்லை. பெயர் சேர்த்தல், அச்சம் நீக்குதல், முத்திரை காத்தல் என்னும் மூன்றும் ஒருங்கு அமைந்தவிடத்தே வாக்கு, வாக்காகும். வாக்குரிமைக்குரிய வயது 1989 முதல் பதினெட்டாகக் குறைக்கப்பட்டமையால், இம்மலரைப் படிக்கும் மாணவருட் பலர் வாக்காளரே. விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், தம் பெயர் மட்டுமன்றி, அடுத்த வீட்டு மூதாட்டியின் பெயரும் பட்டியலில் உளதோ என்று பார்த்துச் சொல்வார்களாயின், அஃது ஒரு நல்ல தொண்டாகும். அன்று பெண்ணாடத்துச் சாவடி வாயிலில் பட்டா இன்றித் தூரத்தே நின்றோரின் பேரப்பிள்ளைகள், இன்று அதே வாயிலில் முதல் வரிசையில் நிற்கின்றனர். அவ்வரிசை ஒருபோதும் குறுகாதிருப்பதாக.