கணிப்பொறிக்குள் ஓடும் மோட்டார் சைக்கிள்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்)

புதிதாக ஒரு மோட்டார் சைக்கிளை உருவாக்க முன்பெல்லாம் ஒரே வழிதான் இருந்தது. வரைபடம் வரைவார்கள். ஒரு வண்டியைச் செய்வார்கள். ஓட்டிப் பார்ப்பார்கள். எங்கே உடைகிறதோ அங்கே தகட்டைத் தடிமனாக்கி மறுபடியும் ஒரு வண்டியைச் செய்வார்கள். பெரிய முதலாளிகளுக்கு இது கட்டுபடியாகும். பத்து வண்டிகள் உடைந்தாலும் பதினோராவது வண்டிக்கு அவர்களிடம் பணம் இருக்கும். ஆனால் இரண்டு நண்பர்கள் சேர்ந்து தொடங்கும் ஒரு சிறு நிறுவனம் மூன்றாவது வண்டி உடையும்போதே கதவைச் சாத்த வேண்டியதுதான்.

அப்படியிருந்தும் சிறு நிறுவனங்கள் இன்று இத்துறையில் துணிந்து இறங்குகின்றன. பெங்களூரில் நாராயண் சுப்ரமணியம், நீரஜ் ராஜ்மோகன் என்ற இரு நண்பர்கள் தொடங்கிய அல்ட்ராவயலட் என்னும் புத்தொழில் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனமும் இதில் முதலீடு செய்தது. இவர்களின் எஃப் 77 என்ற மின் மோட்டார் சைக்கிள் 2019 நவம்பரில் காட்சிக்கு வந்தது. 2022 நவம்பரில் விற்பனைக்கு வந்தபோதோ அது வேறொரு வண்டியாக மாறியிருந்தது. முதலில் காட்டியதில் கழற்றி எடுக்கக்கூடிய மூன்று பேட்டரிகள் இருந்தன. விற்பனைக்கு வந்ததில் கழற்ற முடியாத ஒரே பெரிய பேட்டரி இருந்தது. அதன் கொள்ளளவு உயர்ந்த வகை வண்டியில் 10.3 கிலோவாட் மணி.

பேட்டரியை மாற்றினால் வண்டியே மாறிவிடும். எடை கூடும், ஈர்ப்பு மையம் இடம் பெயரும், சட்டத்தின் மீது விழும் விசைகள் மாறும், வெப்பம் வெளியேறும் வழியும் மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வண்டி செய்து உடைத்துப் பார்ப்பதென்றால் மூன்றாண்டுகள் எப்படிப் போதும்? இங்கேதான் வடிவமைப்பு மென்பொருளும் சிமுலேஷன் என்று சொல்லப்படும் பாவனைச் சோதனையும் துணைக்கு வருகின்றன. வண்டியைக் கணிப்பொறிக்குள்ளேயே கட்டி, அதற்குள்ளேயே ஓட்டி, அதற்குள்ளேயே உடைத்தும் பார்த்துவிடுகிறார்கள்.

இது மாயமன்று. வகுப்பில் நாம் எழுதும் சமன்பாடுகள்தாம். வெப்பம் பரவுவதற்கான சமன்பாட்டை ஃபூரியர் 1822ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் காணலாம். காற்றின் ஓட்டத்துக்கு நேவியர், ஸ்டோக்ஸ் ஆகியோரின் சமன்பாடுகள் உள்ளன. அவையும் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையே. ஆனால் ஒரு நேரான கம்பிக்கு இவற்றின் விடையை எளிதாகக் காணலாமே தவிர, வளைவும் துளையும் விலாவும் உள்ள ஒரு பேட்டரிப் பெட்டிக்குக் காகிதத்தில் விடை காண முடியாது. பொருளைச் சிறு சிறு துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் எளிய சமன்பாட்டை எழுதி, எல்லாவற்றையும் ஒன்றாகத் தீர்க்கும் முறை விமானத் தொழிலில் வளர்ந்தது. போயிங் விமான இறக்கை ஆராய்ச்சியின் பயனாக 1956இல் ஒரு முக்கியமான கட்டுரை வெளியாயிற்று. அதை எழுதியவர்களுள் ஒருவரான ரே கிளஃப் 1960இல் இம்முறைக்கு இட்ட பெயரின் பொருள் ‘வரம்புற்ற துண்டுகள் முறை’ என்பதாகும்.

அடிப்படை எண்ணத்தை ஒரு காகிதத்திலேயே பார்த்துவிடலாம். பக்கவாட்டில் வெப்பம் கசியாத ஓர் உலோகக் கம்பி இருக்கிறது. ஒரு முனை 100 டிகிரி, மறுமுனை 20 டிகிரி. இடையே சம தூரத்தில் மூன்று புள்ளிகள். நிலையான வெப்ப ஓட்டத்தில், ஒவ்வொரு புள்ளியின் வெப்பநிலையும் தன் இரு பக்கத்துப் புள்ளிகளின் சராசரியாக இருக்க வேண்டும். முதலில் மூன்றும் 20 டிகிரி என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்வோம். முதற் புள்ளி 100க்கும் 20க்கும் சராசரி, ஆகவே 60. இரண்டாவது, 60க்கும் 20க்கும் சராசரி, 40. மூன்றாவது 30. மறுசுற்றில் 70, 50, 35. அதற்கடுத்த சுற்றில் 75, 55, 37.5. நான்காவது சுற்றில் 77.5, 57.5, 38.75. போகப் போக இவை 80, 60, 40 என்ற சரியான விடையை நெருங்குவதைக் காணலாம். மூன்று புள்ளிகளுக்குப் பதிலாக லட்சக்கணக்கான புள்ளிகள், ஒரு கம்பிக்குப் பதிலாக ஒரு முழு வண்டி, நமக்குப் பதிலாகக் கணிப்பொறி. மென்பொருள்கள் கையாளும் வழிகள் இதைவிட நுட்பமானவை என்றாலும் சாரம் இதுதான்.

பெட்ரோல் வண்டிகளும் இம்முறையில் உருவாகின்றனவே, மின் வண்டிக்கு மட்டும் என்ன தனி அவசியம் என்று கேட்கலாம். விடை ஆற்றலில் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 கிலோவாட் மணி ஆற்றல் அடங்கியிருக்கிறது. எஃப் 77 வண்டியின் பெரிய பேட்டரி முழுவதிலும் இருப்பதோ 10.3 கிலோவாட் மணி. அதாவது ஒரு லிட்டருக்குச் சற்றே மேல்! பெட்ரோல் எஞ்சின் தனக்குக் கிடைப்பதில் முக்கால் பங்கை வெப்பமாக வீணாக்கிவிட்டும் நம்மை ஊர் சேர்த்துவிடும். மின் வண்டி அவ்வாறு ஊதாரியாக இருக்க இயலாது.

எவ்வளவு தூரம் போகும் என்பதை நாமே கணக்கிடலாம். வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 280 கிலோகிராம் என்றும், உருளும் தடைக்கான எண் 0.015 என்றும் கொண்டால் தரையின் தடை சுமார் 41 நியூட்டன். காற்றின் தடைக்கு முகப்புப் பரப்பையும் தடை எண்ணையும் பெருக்கி வருவதை 0.5 சதுர மீட்டர் என்றும், காற்றின் அடர்த்தியை 1.2 என்றும் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுத் தடை 83 நியூட்டன். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது 231 நியூட்டனாகிவிடுகிறது. வேகத்தின் இருமடியில் ஏறுவதால் வந்த வினை இது. மொத்தத் தடையைக் கொண்டு பார்த்தால் 60இல் ஒரு கிலோமீட்டருக்கு 35 வாட் மணியும், 100இல் 76 வாட் மணியும் தேவை. பேட்டரியிலிருந்து சக்கரம் வரை 85 விழுக்காடு வந்து சேருமானால், 60இல் 250 கிலோமீட்டர் போகும் அதே வண்டி 100இல் 115 கிலோமீட்டரோடு நின்றுவிடும். இந்தியச் சோதனை முறைப்படி இவ்வண்டிக்குச் சொல்லப்பட்ட தூரம் 307 கிலோமீட்டர். விளம்பரத்தில் தூரத்தைப் படிக்கும்போது எந்த வேகத்தில் என்று கேட்பது இயற்பியல் மாணவனின் கடமை என்பேன்.

முகப்புக் கண்ணாடியைச் சற்றுச் சாய்த்தால் அந்த 0.5 என்ற எண் எவ்வளவு குறையும்? இதற்குத்தான் காற்றோட்டப் பாவனைச் சோதனை. காற்றுச் சுரங்கம் வாடகைக்கு எடுக்கும் முன்பே இருபது வடிவங்களைக் கணிப்பொறியில் பார்த்து, பதினெட்டைத் தள்ளிவிடலாம்.

தூரம் குறைந்தால் வண்டி வழியில் நிற்கும், அவ்வளவுதான். வெப்பத்தில் தவறினால் உயிர் போகும். 2022 மார்ச் மாதம் வேலூரில் வீட்டில் இரவு சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த ஒரு மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தனர். அதே கோடையில் நாட்டின் வேறு பல இடங்களிலும் மின் ஸ்கூட்டர்கள் எரிந்தன. அதன் பின்னர் மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்னும் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரு கட்டங்களில் நடைமுறைப்படுத்தியது. ஒரு செல் கெட்டுப்போனாலும் தீ அடுத்த செல்லுக்குத் தாவிப் பரவக் கூடாது என்பதற்கான சோதனையும் அவற்றில் உண்டு.

லித்தியம் அயனிச் செல் ஓர் அளவுக்கு மேல் சூடேறிவிட்டால் உள்ளே வேதி வினைகள் தொடங்கி, அவையே மேலும் வெப்பத்தை உண்டாக்குகின்றன. தன்னைத் தானே ஊதிக்கொள்ளும் அடுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். 21700 என்று பெயர் பெற்ற உருளைச் செல்லின் விட்டம் 21 மில்லிமீட்டர், நீளம் 70 மில்லிமீட்டர். ஒரு செல்லில் சுமார் 18 வாட் மணி இருக்கும். 10.3 கிலோவாட் மணி வேண்டுமானால் இத்தகைய செல்கள் 570க்கு மேல் நெருக்கமாக அடுக்கப்பட வேண்டும். நடுவில் இருப்பது ஓரத்தில் இருப்பதைவிடச் சூடாக இருக்கும். எவ்வளவு சூடு என்பதுதான் கேள்வி.

60 வோல்ட் பேட்டரியிலிருந்து 18 கிலோவாட் திறனை எடுத்தால் மின்னோட்டம் 300 ஆம்பியர். உள்தடை 0.02 ஓம் என்று கொண்டால் உள்ளே உண்டாகும் வெப்பம் 1800 வாட். மூடிய பெட்டிக்குள் இரண்டு இஸ்திரிப் பெட்டிகளை ஓடவிட்டதற்கு ஏறக்குறைய சமம்! திறனைப் பாதியாக்கினால் வெப்பம் கால் பங்காகிவிடும். சென்னையைச் சேர்ந்த ராப்டீ என்னும் நிறுவனம் 2024இல் வெளியிட்ட டி 30 என்ற மோட்டார் சைக்கிளில் வேறு வழியை மேற்கொண்டது. அதன் மின்னழுத்தம் 240 வோல்ட். அதே 18 கிலோவாட்டுக்கு 75 ஆம்பியர் போதும். ஒரே தடையுள்ள கம்பியில் வெப்பம் 16இல் ஒரு பங்காகிவிடும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செல் ஒவ்வொன்றும் கொடுக்கும் திறன் மாறாததால், செல்களுக்குள் உண்டாகும் வெப்பம் இதனால் குறைவதில்லை. குறைவது கம்பிகளிலும் இணைப்புகளிலும்தான். ஆகவே செல்களிடையே எவ்வளவு இடைவெளி, எந்தத் தடுப்புப் பொருள், பெட்டிச் சுவரில் எத்தனை விலாக்கள் என்ற ஆராய்ச்சி எவருக்கும் தவிர்க்க முடியாதது. ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு பேட்டரியை எரித்துப் பார்க்க எந்தச் சிறு நிறுவனத்தாலும் முடியாது.

அடுத்து, சட்டத்தின் வலிமை. என் தந்தையார் கிரில் கதவு செய்யும் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்தவர்களில் நான்தான் முதல். ஒரு மோட்டார் சைக்கிள் சட்டத்தின் தகைவை வண்ணங்களால் காட்டும் படத்தை அவரிடம் கைப்பேசியில் காட்டினேன். சிவப்பு எதைக் குறிக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “செவப்பா இருக்கற எடத்துலதான விரிசல் விடும்? பத்த வச்ச ஓரத்துல, மூலையில. அதுக்குத்தான் நாங்க முக்கோணத் தகடு வச்சுப் பத்த வைக்கிறோம்” என்றார். மென்பொருள் பல்லாயிரம் சமன்பாடுகளைத் தீர்த்துச் சொன்னதை அவர் முப்பது ஆண்டு அனுபவத்தில் சொல்லிவிட்டார். எவ்வளவு தடிமன் போதும், எங்கே குறைக்கலாம் என்பதை எண்ணால் சொல்ல மட்டும் கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்குக்கு எண்கள் எங்கிருந்து வருகின்றன? மென்பொருள் தானாக எதையும் அறியாது. எஃகின் யங் குணகத்தையும் தடுப்பு அட்டையின் வெப்பக் கடத்து எண்ணையும் நாம்தான் கொடுக்க வேண்டும். நம் ஆய்வகத்தில் சீரான வளைவு முறையில் அளவுகோலை வளைத்து யங் குணகம் காண்கிறோம். லீ வட்டுச் சோதனையில் நீராவிக் கலத்துக்கும் வட்டுக்கும் இடையே அட்டையை வைத்து வெப்பக் கடத்து எண் காண்கிறோம். பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதற்காக மட்டுமே இவற்றைச் செய்கிறோம் என்ற எண்ணம் நம்மில் பலரிடம் உள்ளது. செல்களுக்கு நடுவே வைக்கும் தடுப்புத் தகடு எத்தனை மில்லிமீட்டர் இருந்தால் தீ தாவாது என்பதைத் தீர்மானிப்பது அதே வெப்பக் கடத்து எண்தான். அதை இரண்டு மடங்கு தவறாகக் கொடுத்தாலும் கணிப்பொறி கோபிக்காது. அழகான வண்ணப்படம் ஒன்றை வரைந்து கொடுக்கும். படம் அழகாக இருப்பதால் அதை நம்பிவிடுவதே இத்துறையில் உள்ள பெரிய ஆபத்து.

ஆகவேதான் நல்ல நிறுவனங்கள் கணக்கோடு நிற்பதில்லை. பேட்டரிக்குள் வெப்ப உணர்விகளை வைத்து, உண்மையான வெயிலில் உண்மையான சாலையில் ஓட்டி, கணக்கில் வந்த வெப்பநிலையோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டு பொருள்கள் தொடும் இடத்தில் வெப்பம் எவ்வளவு தடைப்படும் என்பது போன்ற சில எண்களைப் புத்தகத்தில் பார்த்து எழுதிவிட முடியாது. அளந்தே திருத்த வேண்டும். நம் சாலைகளின் வேகத்தடைகளும் குழிகளும் சட்டத்தை எத்தனை லட்சம் முறை உலுக்கும் என்பதும் அப்படிப்பட்ட எண்ணே.

விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் நமக்கு எட்டாதவை. எனினும் வடிவமைக்க ஃப்ரீகேட், அதனோடு சேர்ந்து வலிமைக் கணக்குப் போடக் கால்குலிக்ஸ், காற்றோட்டத்துக்கு ஓபன்ஃபோம் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. விருப்பமுள்ள நண்பர்கள் நம் ஆய்வக அளவுகோலிலேயே தொடங்கலாம். கத்தி முனைகளின் ஓர் இடைவெளிக்கு அளந்து யங் குணகத்தைக் கண்டுகொள்க. அளவுகோலை ஃப்ரீகேட்டில் வரைந்து அந்தக் குணகத்தைக் கொடுத்து, இடைவெளியை மாற்றினால் நடுப்புள்ளி எவ்வளவு உயரும் என்று முதலில் கணிப்பொறியிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்க. பிறகு நுண்ணோக்கியை ஊசி முனைக்குத் திருப்புக. அளவுகோல் மரமாயிருந்தால், நார் ஓடும் திசையில் ஒரு குணகமும் குறுக்கே வேறொரு குணகமும் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.