பிறர்க்கென உருளும் சக்கரம்

நுழையும்முன்

மிதிவண்டி நமக்குப் பள்ளிக்கும் கடைவீதிக்கும் சென்றுவர உதவும் எளிய ஊர்தி. அதே வண்டியில் ஒருவர் நாட்டின் நெடுக்கைக் கடந்து, அப்பயணத்தின் வாயிலாகத் தாம் அறியாத ஒருவருக்கு மருத்துவமோ செயற்கைக்காலோ கிடைக்கச் செய்யவும் இயலும். நிதி திரட்டும் நெடும்பயணம் என்பது யாது, அதற்கு உடலை எவ்வாறு பழக்க வேண்டும் என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

*

திருக்கனூரிலிருந்து புதுச்சேரி நகரம் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். நெல்வயல்களும் கரும்புத் தோட்டங்களும் சூழ்ந்த சாலை; பத்துக்கண்ணை அடைந்தால் ஊசுட்டேரியின் காற்று முகத்தில் படும். இவ்வழியில் மிதிவண்டி புதிதன்று. பால் கேனும் புல்லுக்கட்டும் கட்டட வேலைக்கான கரண்டியும் ஏற்றிச் சென்ற வண்டிகளை இச்சாலை நெடுங்காலமாய் அறியும். ஆயினும் ஒருவர், “நான் புதுச்சேரியோடு நிற்கப்போவதில்லை, கன்னியாகுமரிவரை மிதிக்கப்போகிறேன், அதனால் திரளும் பணம் முன்பின் அறியாத ஒருவரின் செயற்கைக்காலுக்குப் போகும்” என்று சொன்னால், தேநீர்க்கடையில் இருப்போர் இரண்டு வினாக்களைத் தவறாமல் எழுப்புவர். இந்த வண்டியில், இந்த உடம்பில் அது முடியுமா? முடிந்தாலும், மிதிப்பதற்கும் கொடுப்பதற்கும் என்ன தொடர்பு?

இரண்டாம் வினாவே கடினமானது. அதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

மிதிப்பதும் கொடுப்பதும்

பணம் தேவையெனில் நேரே கொடுத்துவிடலாமே. பயணத்தின் உணவுக்கும் தங்கலுக்கும் ஆகும் செலவையும் அதனோடு சேர்த்தே கொடுக்கலாமே என்பது நேர்மையான கேள்வி. திரட்டிய தொகையைப் பயணச் செலவே விழுங்கிவிடுமாயின் அதற்கு அறப்பயணம் என்று பெயரிடுதல் தகாது, அது சுற்றுலா.

விடை நம் ஊர் வழக்கத்திலேயே இருக்கிறது. பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் பேருந்து உண்டு. எனினும் நடந்து செல்வோர் செல்கின்றனர். அவர்கள் செல்லும் வழியில் உள்ள ஊரார், கேட்காமலே மோர்ப்பந்தல் அமைக்கின்றனர். திண்ணையில் படுக்க இடம் தருகின்றனர். ஒருவர் தம் உடலை வருத்தி ஒன்றை மேற்கொள்ளும்போது, காண்பவர்க்கும் அதில் ஒரு பங்கு வேண்டும் என்னும் எண்ணம் பிறக்கிறது. 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளி என்னும் சிற்றூருக்கு வினோபா பாவே நடந்தே வந்து சேர்ந்தார். அவ்வூரின் நிலமற்ற மக்கள் தங்களுக்கு நிலம் வேண்டும் என்றனர். கூட்டத்தில் இருந்த வெதிரே ராமச்சந்திர ரெட்டி தமது நிலத்தில் 100 ஏக்கரைக் கொடுக்க முன்வந்தார். பூதான இயக்கம் அங்கே பிறந்தது. அஞ்சலில் வந்த வேண்டுகோளைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடலாம். புழுதிபடிந்த காலோடு எதிரில் நிற்பவரை அவ்வாறு மடித்து வைக்க இயலாது.

மிதிவண்டிப் பயணத்தில் இவ்வழக்கம் எவ்வளவு வளரக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் ஒரு சான்று. தம் தாயைப் புற்றுநோய்க்கு இழந்த பில்லி ஸ்டார் என்பவர் 1980இல் 36 பேரைச் சேர்த்துக்கொண்டு அம்மாநிலத்தின் குறுக்கே மிதிவண்டியில் சென்றார். அப்போது திரண்டது 10,200 டாலர். ‘பான்-மாஸ் சேலஞ்ச்’ என்னும் பெயரில் ஆண்டுதோறும் தொடரும் அப்பயணம், பாஸ்டனில் உள்ள டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்திற்கு 2024ஆம் ஆண்டுவரை திரட்டித் தந்த தொகை 100 கோடி டாலரைக் கடந்துவிட்டது. அதன் விதிகளுள் இரண்டு நாம் கருதத்தக்கவை. பயணியர் திரட்டும் தொகை முழுவதும் அந்நிறுவனத்திற்கே சேரும்; நடத்தும் செலவுக்கு வேறு வழி காணப்படும். மேலும், பதிவு செய்யும்போதே ஒவ்வொருவரும் இவ்வளவு திரட்டுவேன் என்று உறுதியளிக்க வேண்டும். குறைந்தால் குறைந்ததைத் தம் கைப்பணத்தால் நிரப்ப வேண்டும். இரண்டாம் விதியே இத்தகைய பயணத்தின் உயிர்நிலை எனலாம். நன்கொடையாளர் கொடுப்பது கால்களின் வலிமைக்காக அன்று, சொன்ன சொல்லுக்காக. அச்சொல் வெறுஞ்சொல் அன்று என்பதற்கு அவர்கள் கண்முன் காணும் சான்றுதான் பல மாதப் பயிற்சி.

உடலைப் பழக்குதல்

இனி முதல் வினா. குரங்குப்பெடல் போட்டு மிதிவண்டி பழகிய எவரும் அடிப்படையை அறிவர். நெடும்பயணத்திற்கு வேண்டியவை வேறு.

முதலில் வண்டி உடலுக்குப் பொருந்த வேண்டும். இருக்கையில் அமர்ந்து, மிதி கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தை வைத்தால் முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறம் வலிக்கும்; மிக உயர்ந்திருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும், முழங்காலின் பின்புறம் இழுக்கும். பள்ளிக்குச் செல்லும் தொலைவில் இப்பிழை தெரியாது. நூறாவது கிலோமீட்டரில் தெரியும். அண்ணன் வண்டியைத் தம்பியும், அக்காள் வண்டியைத் தங்கையும் அளவு மாற்றாமல் ஓட்டும் நம் வீடுகளில் இதனை நினைவில் கொள்ளல் நன்று.

அடுத்தது தொலைவைப் படிப்படியாகக் கூட்டுதல். வாரத்திற்கு ஒரு நெடுஞ்சவாரி. அதன் தொலைவை வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு அளவே கூட்ட வேண்டும் என்பது பயிற்சியாளர் பலர் கைக்கொள்ளும் வழக்கம். இருபது கிலோமீட்டரில் தொடங்குபவர் நூறு கிலோமீட்டரை எட்டப் பதினேழு வாரம் ஆகும். மூன்று வாரம் கூட்டினால் நான்காம் வாரம் குறைத்து உடலுக்கு ஓய்வு தர வேண்டும் என்பதையும் சேர்த்தால் இருபத்திரண்டு வாரம், அதாவது ஐந்து மாதம். இது பலருக்குப் பொறுமையைச் சோதிக்கும் கணக்கு. இதயமும் நுரையீரலும் விரைவில் பழகிக்கொள்கின்றன. தசைநாண்களும் மூட்டுகளும் மெல்லவே வலுப்பெறுகின்றன. மூச்சு வாங்கவில்லை என்பதற்காகத் தொலைவை இரட்டிப்பவரின் முழங்கால் அதற்குரிய விலையைக் கொடுக்கிறது. வலுப்பெறுதல் மிதிக்கும்போது நிகழ்வதன்று. மிதித்தபின் உறங்கும்போது நிகழ்வது.

திருக்கனூர்ப் பகுதி சமதளம். ஏறிப் பழக மலை வேண்டுமெனில் மேற்கே செஞ்சிவரை போக வேண்டும். ஆனால் நமக்குக் காற்று இருக்கிறது. பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும்போது புதுச்சேரியை நோக்கி மிதித்துப் பாருங்கள். மலையேற்றத்தின் அருமை விளங்கும். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்கிறது. அத்தடையை வெல்ல வேண்டிய திறனோ மும்மடிக்கேற்ப உயர்கிறது. எனவே காற்றை எதிர்த்து வேகத்தை இரட்டிக்க எட்டு மடங்கு திறன் தேவை. இயற்பியல் வகுப்பில் படிப்பதைத் தொடை உணரும் இடம் இது. நெடும்பயணத்தார் ஒருவர்பின் ஒருவராக அணிவகுத்துச் செல்வதன் காரணமும் இதுவே. முன்செல்பவர் காற்றைக் கிழித்துத் தர, பின்வருபவரின் உழைப்பு கணிசமாகக் குறைகிறது. சிறிது நேரத்தில் முன்னவர் விலகிப் பின்னே வர, அடுத்தவர் முன்னே செல்வார். ஆள்மாற்றிச் சுமக்கும் இவ்வழக்கம் தேர் இழுப்போர்க்கும் பல்லக்குத் தூக்குவோர்க்கும் தெரிந்ததுதான்.

உணவைப் பற்றிச் சில சொற்கள். தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்துள்ள மாவுச்சத்து ஏறத்தாழ இரண்டு மணிநேரக் கடும் உழைப்புக்கே போதும். அது தீர்ந்தால் கால் கனக்கும், கண் இருளும், மனம் காரணமின்றிச் சோர்வடையும். ஆகவே பசிக்குமுன் உண்ண வேண்டும். மணிக்கு இரண்டு வாழைப்பழமோ அதற்கு ஈடான கடலைமிட்டாயோ போதுமானது. வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால் வெறும் நீரை அளவின்றிக் குடிப்பதும் தீங்கே. உப்பிட்ட மோரும் நீராகாரமும் நம் உழவர் வயலுக்கு எடுத்துச் சென்றவை; விலையுயர்ந்த பானப் பொட்டலங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

தெரியுமா?

புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் நாட்டில், பாரிசிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் சென்று மீளும் 1,200 கிலோமீட்டர் மிதிவண்டிப் பயணம் 1891இல் தொடங்கியது. இப்போது அது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. 90 மணிநேரத்திற்குள் முடிக்க வேண்டும். முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்னும் பரிசு வேறுபாடு இல்லை. இதில் கலந்துகொள்ள விரும்புவோர் 200, 300, 400, 600 கிலோமீட்டர் பயணங்களை உரிய நேரத்திற்குள் முடித்துத் தகுதி பெற வேண்டும்.

ஒற்றைக் காலின் நெடுவழி

2020 நவம்பர் 19 அன்று காஷ்மீரிலிருந்து ஒரு மிதிவண்டிக் குழு கன்னியாகுமரியை நோக்கிப் புறப்பட்டது. அப்பயணத்தின் பெயர் ‘இன்ஃபினிட்டி ரைடு’. எல்லைப் பாதுகாப்புப் படையின் துணையோடு அதனை நடத்தியது ஐதராபாத்தின் ஆதித்ய மேத்தா அறக்கட்டளை. ஆதித்ய மேத்தா சாலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். 2013இல் ஆசிய மாற்றுத்திறனாளி மிதிவண்டிப் போட்டியில் இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் பெற்றவர். தமக்கு வாய்த்தது பிறர்க்கும் வாய்க்க வேண்டுமென்று அவர் அறக்கட்டளை தொடங்கினார். மாற்றுத்திறனாளி விளையாட்டு வீரர்க்குப் பயிற்சியும் கருவியும் கிடைக்க நிதி திரட்டுவதே பயணத்தின் நோக்கம்.

அக்குழுவில் மத்தியப் பிரதேசத்தின் ராஜ்கர் மாவட்டத்தைச் சேர்ந்த தான்யா டாகா என்னும் இளம்பெண்ணும் இருந்தார். விபத்தொன்றில் ஒரு காலை இழந்தபின் இவ்வறக்கட்டளையில் பயிற்சி பெற்றவர் அவர். எஞ்சிய ஒரு காலாலேயே மிதித்தார்.

ஒற்றைக் காலால் மிதித்தல் என்பது பாதி உழைப்பு அன்று என்பதை இங்கே விளங்கிக்கொள்ள வேண்டும். இரு காலால் மிதிப்போர்க்கு ஒரு கால் அழுத்தும்போது மறுகால் தானே மேலெழும். ஒரு கால் மட்டும் இருப்பவர் கீழே அழுத்திய அக்காலையே மீண்டும் மேலே இழுத்தாக வேண்டும். அதற்காகக் காலணி மிதியோடு பூட்டப்பட்டிருக்கும். ஏற்றத்தில் வேகம் குறைந்தால், சுழற்சியின் உச்சியில் வண்டி தடுமாறும். நிற்க வேண்டுமெனில் ஊன்றுவதற்கும் பூட்டப்பட்ட அந்த ஒரு காலே உண்டு. ஏறத்தாழ 3,800 கிலோமீட்டரை 43 நாளில் கடப்பதென்றால், ஓய்வுநாளே இல்லாவிட்டாலும் நாளொன்றுக்கு 88 கிலோமீட்டர். அது பெருந்தொற்றுக் காலம் என்பதையும் மறத்தற்கில்லை.

தமிழ் மாணவர்க்கு இப்பயணம் ஒரு பழைய இலக்கிய வகையை நினைவூட்டும். பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு பாணனுக்குத் தான் சென்ற வழியைக் காட்டி ஆற்றுப்படுத்துவான். திருக்கனூருக்கு வடக்கே, திண்டிவனத்தை அடுத்த கிடங்கில் என்னும் ஊர், சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய நல்லியக்கோடனுக்கு உரியது. பெற்றவர் பெறாதவர்க்கு வழிகாட்டுதல் என்னும் அந்நெறியில் புலவர்கள் நடந்த மண் இது. ஆதித்ய மேத்தா பெற்றதைத் தான்யா பெற்றார். தான்யா இன்னும் பெறாதவர்க்காக மிதித்தார். ஆற்றுப்படைப் பாணன் வழியைச் சொல்லிவிட்டுத் தன் ஊர்க்குத் திரும்பிவிடுவான். இவர்களோ அவ்வழியைத் தாமே மீண்டும் ஒருமுறை கடந்து காட்டினர் என்பதுதான் வேறுபாடு.

பயணத்தின் இடையே, டிசம்பரில், தான்யாவின் தந்தை இறந்தார் என்னும் செய்தி வந்தது. பயணத்தைத் துறந்து வீட்டிலேயே தங்கியிருந்தாலும் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். ஊருக்குச் சென்று இறுதிக்கடன்களில் கலந்துகொண்ட அவர், சில நாளில் திரும்பி வந்து குழுவோடு சேர்ந்தார். மகள் இப்பயணத்தை முடிக்க வேண்டும் என்பது தந்தையின் கனவாக இருந்தது. இடையில் விடுபட்ட நாள்களைக் கணக்கிடுவோர் கணக்கிடட்டும். 2020 டிசம்பர் 31 அன்று குழு கன்னியாகுமரியை அடைந்தபோது, அதனுள் தான்யாவும் இருந்தார்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் மிதிவண்டிப் பயணம் மேற்கொள்ள இருபத்திரண்டு வாரப் பயிற்சி அட்டவணை ஒன்றை உருவாக்குக. ஓய்வு வாரங்களைக் குறிப்பிடுக.

2. உங்கள் பள்ளியில் பயிலும் மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவருக்குச் சக்கர நாற்காலி வாங்க மிதிவண்டிப் பயணம் நடத்துவதாகக் கொள்க. நன்கொடை வேண்டி ஊர்ப் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் மடல் வரைக. திரளும் பணத்திற்கு யார், எவ்வாறு கணக்குக் காட்டுவர் என்பதும் அதில் இடம்பெற வேண்டும்.

3. ‘நிதி திரட்ட நெடும்பயணம் தேவையா, நேரே கொடுத்தல் போதுமா?’ என்னும் பொருளில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.